முன்காலின் வெள்ளை எதுவரை

சக்கை மணம் போகாத கைகளுடைய என் அக்காவுக்கு,

நீ போன பிறகு நம் வீட்டில் யாரும் சக்கை வெட்டவில்லை. பழுத்ததெல்லாம் பலா மரத்தடியிலேயே விழுந்து அழுகுகிறது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன். ஆனால் அங்கே வருவதெல்லாம் சாதாரண ஈக்கள். நம் பொய்க்கால் ஈ வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் போய்ப் பார்க்கிறேன்.

பொய்க்கால் ஈ என்று பெயர் வைத்தது நான்தான், நினைவிருக்கிறதா? நூல் போன்ற உடம்பு, அதைத் தூக்கி நிறுத்தும் நெட்டைக் கால்கள். குட்டையான முன்கால்கள் இரண்டையும் உயர்த்தி, குளவி தன் மீசையை ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டே நடக்கும். காரோட்டுத் தோட்டத்தில் அழுகிய சக்கை கொட்டும் குழிக்குப் பக்கத்தில் நீ குப்புறப் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் குடை பிடித்து நிற்பேன். வீட்டுக்கு வந்தால் அம்மா உன்னைக் கிணற்றடியிலேயே நிறுத்திவிடுவாள். "பி.எஸ்ஸி. படிக்கப் போன பிள்ளைக்க கோலத்தப் பாரு! குளிச்சிட்டு உள்ள வந்தாப் போரும்."

உன்னை அடக்கம் செய்த அன்று திருவனந்தபுரத்திலிருந்து உன் கல்லூரி ஆசிரியை வந்திருந்தார். ஈயைப் பற்றி நீ எழுதி வைத்திருந்ததை அவரிடம் கொடுத்தேன். இறகு, கண், வயிறு, பின்கால் எல்லாம் இருந்தன. முன்காலுக்கு மட்டும் இடம் விட்டிருந்தாய். மழை மூட்டம் விலகி நல்ல வெளிச்சம் வரட்டும், அப்போது பார்த்து எழுதலாம் என்று கடைசிக்கு வைத்தது அது. வெளிச்சம் வந்தபோது உனக்குக் காய்ச்சல்.

அவர் அழுதுகொண்டே சொன்னார். ஏற்கெனவே பெயருள்ள இனத்துக்கு முன்காலின் நுனி மட்டும்தான் வெள்ளை. உன்னுடையதில் வெள்ளை அதற்கு மேலும் ஏறியிருக்கிறது என்று அவருக்கு எழுதியிருந்தாயாம். எந்தக் கணு வரை ஏறியது என்ற அந்த ஒரு வரி இல்லாமல் இதைப் புது இனம் என்று யாரும் ஏற்க மாட்டார்கள். "அவ ஊசியில குத்தி வச்ச ஈயைப் பத்திரமா வச்சிரு. இன்னொரு நாள் வந்து பாக்கேன்," என்று என் தலையைத் தடவினார். வைத்திருக்கிறேன் என்றேன்.

அக்கா, அந்த ஈ இப்போது இல்லை.

அம்மாவைக் கோபிக்காதே. மழை விட்ட ஒருநாள் உன் புடவைகள், புத்தகங்கள் எல்லாவற்றையும் வெயிலில் வைத்தாள். முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு வற்றல் காய்ந்துகொண்டிருந்த பாயின் ஓரத்தில் உன் ஈப் பெட்டியையும் திறந்து வைத்துவிட்டாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது குண்டூசி மட்டும் நின்றது. பாயின் விளிம்பில் எறும்புகள் ஒரு நெட்டைக் காலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போயின. அது பின்கால்.

"பூசணம் பிடிச்சிரும், வெயிலு கொள்ளட்டுமெண்ணுல்லா வச்சேன் மக்கா," என்று அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாபகத்திலிருந்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! கண்ணை மூடினால் வெள்ளை பாதிக் கால் வரை தெரிகிறது. இன்னொரு தடவை மூடினால் முட்டு வரை தெரிகிறது. நான் நினைப்பதற்கெல்லாம் அந்த ஈ தலையாட்டுகிறது. அது காலை ஆட்டுவதைத்தானே நான் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லையே.

சரி, இன்னொன்றைப் பிடிக்கலாம் என்று காரோட்டுத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே போலீஸ் கூடாரம் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்களை மலையாள ராச்சியத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடக்கும் கூட்டங்கள் இப்போது கூடிவிட்டன. அப்பாவும் போகிறார். அவர் திரும்பும் வரை அம்மா உலையில் அரிசி போடுவதில்லை.

வாசலில் நின்ற போலீஸ்காரர் வயதானவர். "எந்தா மோளே, எங்ஙோட்டா?" என்றார்.

"ஈச்சைய நோக்கான்," என்று, ஈயைப் பார்க்க வந்ததை அவர் மலையாளத்திலேயே சொன்னேன்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஈச்சையோ! இவிடெ உள்ளது முழுவன் கொண்டுபொய்க்கோ! ஞங்ஙளுடெ சோற்றிலும் உண்டு."

எல்லா ஈயையும் கொண்டுபோகச் சொன்னாரே தவிர உள்ளே விடவில்லை. வேலி வழியாகப் பார்த்தேன். சக்கைக் குழி முழுவதும் வெள்ளையாக இருந்தது. ஈத் தொல்லைக்காக டி.டி.டி. பொடியைக் கொட்டியிருக்கிறார்கள். வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் பயந்துபோனார். எப்படிப்பட்ட ஈ என்று கேட்டார். நான் இரண்டு கைகளையும் நீட்டி ஆட்டிக் காட்டினேன்.

மறுநாள் வேலியோரம் ஒரு தீப்பெட்டியை நீட்டினார். குழியோரத்தில் செத்துக் கிடந்தவற்றைப் பொறுக்கியிருந்தார். எல்லாம் வீட்டு ஈ. அடியில் ஒன்று மட்டும் நெட்டைக்கால்.

வீட்டில் அப்பா பார்த்துவிட்டார். "அவனுவகிட்ட போய்க் கைநீட்டி வாங்கினியாக்கும்? ஊருல நாங்க என்ன பாடு படுதோம், நீ என்ன செய்யுத?"

"அக்காக்க ஈ, அப்பா."

அப்பா தீப்பெட்டியை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனார். முன்கால்கள் இரண்டும் முழுதாக இருந்தன, அக்கா. ஆனால் உடம்பெல்லாம் பொடி. நுனியிலிருந்து முட்டு வரைக்கும், அதற்கு மேலும் வெள்ளை. எது ஈயின் வெள்ளை, எது பொடியின் வெள்ளை?

"ஊதிப் பாத்தா என்ன மக்கா?"

"ஊதினா கால் போயிரும்பா."

"தூரிகை வச்சு?"

"தொட்டாலே போயிரும்."

அப்பா வாயைப் பொத்திக்கொண்டார், தன் மூச்சு பட்டுவிடக் கூடாது என்று. நானும் பொத்திக்கொண்டேன். இப்படியே நின்றோம். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "இதுக்கு என்ன பேரு வைக்கணுமிண்ணா அவ?"

ஊர்ப் பெயரைத்தான் வைப்பாய் என்றேன். நீ முன்பு சொன்னதையும் சொன்னேன்: "ராச்சியம் எதானாலும் ஊருக்க பேரு மாறாதுல்லா." அப்பா அன்று கூட்டத்துக்குப் போகவில்லை.

நாளை உன் ஆசிரியை வருகிறார். தீப்பெட்டியைத் தருவதா? பொடியோடு எப்படித் தருவது? கல்லூரியில் அதைக் கழுவ ஏதாவது வழி இருக்குமா? உன்னிடம் கேட்டுப் பழகியவற்றை நான் இனி யாரிடம் கேட்பேன்?

எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். முட்டு வரை என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் உன் ஈ புது இனமாகிவிடும், உன் பெயரும் அச்சில் வரும். பேனாவை எடுத்தும்விட்டேன். எழுதவில்லை, அக்கா. உயிரோடு ஒன்று என் முன்னால் காலை ஆட்டி நடக்கும்வரை நீ விட்ட இடத்தை வெறுமையாகவே வைத்திருப்பேன். சக்கை விழும் ஒவ்வொரு பருவத்திலும் குப்புறப் படுப்பேன். குடை பிடிக்க ஆளில்லை. பரவாயில்லை, நனைகிறேன்.

தீப்பெட்டியருகில் இன்னும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்
உன் தங்கை,
ஸ்டெல்லா