துரை முன்னால் வாய் திறக்காதவன்

லுக்குட், மலாயா,
4-9-1951

அன்பு மகன் கணேசமூர்த்திக்கு அப்பா எழுதுவது. நீயும் மெட்ராசில் மாமா வீட்டாரும் நோய்நொடியில்லாமல் இருக்க மாரியாத்தா துணை இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லையப்பா. என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் தோட்டத்தார் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம்.

கம்யூனிஸ்டுக்குப் பயந்து லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருக்கிறார்கள், போன மாதம் ஒருநாள் போலீஸ்காரன் வேலிக் கேட்டைப் பிந்தித் திறந்தான், நாங்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போனோம், கணக்கெழுதும் கிராணி எல்லோருக்கும் அரைநாள் பேர் போட்டு அரைச் சம்பளமாக்கிவிட்டார். இது யார் குற்றம் என்று நான் ஒருவன் கேட்டேன், அவ்வளவுதான். மறுநாள் ஆபீசில் விசாரணை. நீதானே ஆளுங்களைக் கிளப்பிவிட்டது என்று துரை தமிழிலேயே கேட்டார். துரை கோபமாக இருக்கும்போது பதில் பேசுவது மரியாதையில்லை என்றுதானே நாங்கள் வளர்ந்தோம், கையைக் கட்டித் தலைகுனிந்து நின்றேன். கிராணி இங்கிலீசில் என்னமோ எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று அதில் இருக்கிறதாம். படுபாவி நான், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கக் கூடாதா? உன் அம்மா மூன்று நாளாய்ச் சரியாகச் சாப்பிடவில்லை. வாயுள்ள பிள்ள பொழைக்கும்பாங்க, ஒங்க வாயி எங்க போச்சு என்று ஏசுகிறாள். வேலி போட்ட காலத்தில் துரத்தப்பட்டவனை எந்தத் தோட்டத்தில் சேர்ப்பான்? வெளியே சுற்றினால் போலீஸ் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடும் என்று பேச்சு. உன்னைப் பார்க்க அப்படியா நான் வர வேண்டும்?

இந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. உங்கள் லா காலேஜுப் பயிற்சிக் கோர்ட்டில் முதலாளி பக்கம் வக்கீலாக நின்று, விசாரணையில் வாய் திறக்காத மில் தொழிலாளி குற்றத்தை ஒத்துக்கொண்டவன்தான் என்று வாதாடி ஜெயித்தாயாம். அந்த இடத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. உன்மேல் கோபமில்லை, வாத்தியார் கொடுத்த பக்கத்துக்குப் பேசினாய், நன்றாகத்தான் பேசியிருப்பாய். வருகிற 24ஆம் தேதி சிரம்பான் லேபர் ஆபீசில் என் பிராதை விசாரிக்கிறார்கள், அன்றைக்காவது நான் பேசியாக வேண்டும். எதிர்ப்பக்கத்துப் பையன் எதைச் சொல்லியிருந்தால் நீ தோற்றிருப்பாய்? அதை எழுதி அனுப்பு சாமி, மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்ச் சொல்கிறேன்.

தீர்க்காயுசோடு இரு, வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளி, படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்துவிடாதே. பதிலை ஏர்மெயிலில் போடு. தமிழிலேயே எழுது, இங்கிலீசில் எழுதினால் கிராணியிடம்தான் படிக்கக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
இராஜமாணிக்கம்