குடைமிளகாய் நாற்றும் அப்பாவின் தையலும்

பஸார்ஜிக்
மார்ச் தொடக்கம்

அன்புள்ள ராலிட்சாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். அப்பாவும் சுகம் என்று அடுத்த வரியை எழுத வந்தேன், கை நின்றுவிட்டது. அவருக்குத் தையல் ஆறவில்லை. குடல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது இருந்ததைவிட இப்போது மோசம். தொப்புளுக்குக் கீழே விட்டுப்போய் வாய் திறந்திருக்கிறது, நீர் கசிகிறது. போனில் சொல்ல வழியில்லை. இந்த இரண்டறை வீட்டில் அவர் காதுக்குத் தப்பிப் பெருமூச்சு விடவும் இடமில்லை. அதனால் கடிதம்.

நீ டப்ளினிலிருந்து அனுப்பிய அமினோ அமிலப் பொடியை அவர் குடிக்கவில்லை. போன ஞாயிறு வீடியோவில் நீ, ‘அப்பா, பொடி குடிக்கிறீங்களா’ என்று கேட்டாய். அவர் தலையை மேலே தூக்கி இறக்கினார். ‘சமர்த்து அப்பா’ என்று சிரித்தாய். நம் ஊரில் மேலே தூக்கினால் இல்லை, ராலிட்சா. இடமும் வலமும் ஆட்டினால்தான் ஆமாம். இதையே மறக்கும் அளவுக்கு அங்கே யார் யாரிடமோ தலையாட்டிவிட்டாய். நான் குறுக்கே வருவதற்குள் போனை அணைத்துவிட்டார். கேட்டால், ‘அவ கேட்டா, நான் இல்லைன்னேன். அவளுக்குப் புரியலைன்னா அதுக்கு நானா பொறுப்பு’ என்கிறார்.

ஆனால் டப்பாவில் பொடி குறைந்துகொண்டே வந்தது. எனக்குத் தெரியாமல் குடிக்கிறாரோ என்று ஒரு நப்பாசை. பிறகு பால்கனியில் அந்தப் பொடியின் ஆரஞ்சு வாசனை. தயிர்க் கிண்ணங்களில் அவர் போட்டிருந்த குடைமிளகாய் நாற்றைச் சுற்றி ஈ. மண்மேல் வெள்ளையாகப் பூஞ்சை. பாதி நாற்று சாய்ந்து கிடந்தது. என்ன செய்தீர்கள் என்றேன். கொஞ்சமும் கூசவில்லை. உரக்கடையில் வாங்கிய பாட்டிலை எடுத்துவந்து காட்டினார். அதிலும் அமினோ அமிலம் என்றுதான் போட்டிருக்கிறது. ‘தக்காளி இலைக்கு அடிக்கிறதும் இதுதான். நான் என்ன தக்காளியா. செடிக்கு உள்ளதைச் செடிக்குக் குடுத்தேன்.’ அதில் சர்க்கரை இருக்கிறது, அது மனிதர் குடிப்பது என்றேன். அவர் செத்த நாற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். ‘செடியையே சாச்சுடுச்சு. இதையா என் வயித்துல ஊத்தப் பாத்தீங்க, அம்மாவும் பொண்ணும்.’

மாடியிலிருந்து நர்ஸ் ஸ்னெஜினா கட்டு மாற்ற வருகிறாள். அவளும் சொல்லிப் பார்த்தாள். ‘ஸ்தாமென் அண்ணா, கோழி கொறிக்கிற மாதிரி கொறிச்சா புண்ணு எப்படி மூடும்.’ அவர், ‘கோழிக்கு யாரும் பொடி கரைச்சுக் குடுக்கறதில்ல, நல்லாத்தான் இருக்கு’ என்றார். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் அவர் ஜெயித்துவிட்டார். டாக்டர் ஹஜியெவ் சிரிக்கவில்லை. பொடி மந்திரம் இல்லை, அது எல்லாருக்கும் புண்ணை ஆற்றும் என்று தான் உறுதி சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் இவர் இறைச்சி தொடுவதில்லை, முட்டை தொடுவதில்லை, உடம்பு தன் தசையையே கரைத்துக்கொண்டிருக்கிறது, பசி திரும்பும்வரை இதையாவது குடிக்கட்டும் என்றார். அடுத்த முறை பார்க்கும்போதும் மூடாவிட்டால் மறுபடி மேசையில் படுக்க வைத்துத் தைக்க வேண்டும். போன தடவை மயக்கம் தெளிய எவ்வளவு நேரமாயிற்று என்று உனக்குத் தெரியாது. இன்னொரு மயக்க மருந்தை அவர் இதயம் தாங்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சில சமயம் தோன்றுகிறது. அவருக்குப் பொடிமேல் வெறுப்பில்லை. செடிக்குத் தண்ணீர் விடுகிறவராகவே இருந்தவர். தனக்கு ஒருவர் விட வேண்டியிருக்கிறதே என்பதுதான். புரிகிறது. புரிந்து என்ன பயன், புண் திறந்தல்லவா இருக்கிறது.

இன்னொரு டப்பா அனுப்புவதாகச் சொன்னாய். அனுப்பாதே. பாதி இங்கேயே இருக்கிறது. அதற்குப் பதில் ஞாயிறு கூப்பிடும்போது உன் கண்ணெதிரே குடிக்கச் சொல். நான் சொன்னால் சண்டை, நீ சொன்னால் வெட்கம். வெட்கத்துக்குக் கொஞ்சம் பணிவார். வாயைக் கேட்காதே, தலையைப் பார். நீயும் வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே.

இதோடு மார்ச் கயிறு வைத்திருக்கிறேன். வெள்ளையும் சிவப்பும். அங்கே யாராவது சிரித்தாலும் கையில் கட்டிக்கொள், மரம் பூக்கும்வரை அவிழ்க்காதே. நோயில்லாமல் இரு, மகளே.

உன் அம்மா
வெனெட்டா

பின்குறிப்பு: எழுத உட்காரும் முன் ஒரு டம்ளர் கரைத்து அவர் பக்கத்தில் வைத்தேன். தலையை மேலே தூக்கினார். டம்ளரை அங்கேயே விட்டு வந்துவிட்டேன். இப்போது போய்ப் பார்த்தேன். டம்ளர் காலி, அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நேரே பால்கனிக்குப் போய் ஒவ்வொரு கிண்ணத்திலும் விரலை விட்டுப் பார்த்தேன். மண் காய்ந்திருக்கிறது.