என் பெயர் போட்ட பெஞ்சு

7.3.2005
ரிட்டயர் ஆன மனிதனுக்கு ஊரில் ஒரு பெயர் நிற்க வேண்டாமா? ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் என்னை இந்நேரம் மறந்திருப்பார்கள். நாச்சாரம் பஸ் ஸ்டாப்பில் உட்கார இடமில்லை. மாதாப்பூர் ஆபீஸ் வண்டிக்காகப் பிள்ளைகள் வெயிலில் கால் கடுக்க நிற்கிறார்கள். என் செலவில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. சாயும் பக்கம் பளிங்குக் கல்லில் என் பெயர். "பெஞ்சு ஊருக்கா, உங்க பேருக்கா?" என்கிறாள் என் மனைவி அன்னக்கிளி. இரண்டுக்கும்தான். இதில் என்ன தப்பு?

19.3
கல்லறைத் தோட்டத்து வாசலில் கல் வெட்டும் நூர் முகமதுவிடம் வேலையைக் கொடுத்தது என் புத்தி. பிறந்த வருஷம் கேட்டான். நானும் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அவனுக்குக் கல்லறைக் கல் வெட்டிய கைப்பழக்கம். மேலே சிலுவை, நடுவில் சூசைராஜ், கீழே 1944, ஒரு கோடு, பக்கத்தில் காலி இடம்! நான் போய்ப் பார்ப்பதற்குள் கொத்தனார் பதித்துவிட்டார்.

"இது கைக்குடா, எதுக்குடா இந்தக் கோடு?" என்று கத்தினேன்.

"டென்ஷன் நக்கோ, வேணாம் அண்ணே. அந்த எடம் பின்னால வேணும்ல?"

22.3
கல்லுக்கு மாலை. யார் போட்டது?

30.3
இன்று ஊதுபத்தியும் தேங்காயும். மாதாப்பூரிலிருந்து மகன் தினேஷ் போன்: "அப்பா, எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இன்டர்வியூக்கு முன்னாடி உங்களக் கும்பிட்டுட்டு வந்தானாம்."

"வேலை கெடச்சுதா?"

"கெடச்சுதுப்பா. அதான் பிரச்சினை."

சிரிக்க வேண்டிய விஷயம். ஆனால் ராத்திரிச் சாப்பாடு கொஞ்சம் கூடவே இறங்கியது. "வெள்ளைப் புடவை எடுத்து வைக்கவா?" என்கிறாள் இவள். பொறாமை.

11.4
மனசே சரியில்லை.

கீழ்வீட்டு வர்ஷினி நிறைமாதம். லீவு போட இன்னும் நாள் இருக்கிறதாம். பத்து மணி வெயிலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் பெஞ்சு காலி. வரிசையாக எல்லோரும் நிற்கிறார்கள், பெஞ்சு காலி!

"உட்காரும்மா" என்றேன்.

"ஐயோ அங்கிள், சமாதி மேலயா? வயித்துல புள்ள இருக்கு."

"அது சமாதியே இல்ல. நான்தான் அந்த சூசைராஜ். உயிரோட இருக்கேன் பாரு."

"உங்க பேரு அதுதான்னு தெரியும். அவரு வேற, பெரியவரு."

அவரு பெரியவராம்! நான் யாரு அப்ப? என்னத்துக்குப் போட்டேன் இந்தப் பெஞ்ச, ஒரு புள்ளத்தாச்சிகூட உட்கார முடியாம? வெட்கமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

12.4
விடியற்காலையில் சுத்தியலோடு போனேன். சிலுவை மேல் கை வைக்க மனம் வராமல் கல்லை முழுசாகப் பெயர்க்கப் பார்த்தேன். அசையவில்லை; கொத்தனார் நன்றாகத்தான் பதித்திருக்கிறார். அதற்குள் கூட்டம் கூடி என்னை அடிக்க வந்தது. "சூசைராஜய்யா கல்ல ஏன்டா ஒடைக்கிறே?" அன்னக்கிளி ஓடி வந்து, "எம் புருஷன் கல்லு, நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள். உடனே எல்லோரும் தலைகுனிந்து வழிவிட்டார்கள். ஒருத்தர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

2.5
பெஞ்சில் இடமே கிடைப்பதில்லை. இன்று ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தேன். கையில் ஃபைலோடு ஒரு பெண் வந்து சுற்றும் முற்றும் தேடினாள்.

"அங்கிள், இங்க சூசைராஜ்னு ஒருத்தர் கல்லு இருந்துச்சே?"

"எடுத்துட்டாங்கம்மா."

"ரொம்ப நல்லவராமே?"

"அப்படி ஒண்ணும் இல்ல. நீ உட்காரு, வண்டி வர நேரமாகும்."

எழுந்து இடம் விட்டேன்.