அஸ்ஹர் பெயரில் நான் நேர்ந்த மூன்று நோன்பு

திங்கள், 6
கச்சான் காற்று. காயப்போட்ட மிளகாயில் பாதி பக்கத்து வளவில். தவணைப் பரீட்சை விடைத்தாள் 41, திருத்தியது 6.

அஸ்ஹருக்கு இன்றைக்கு முதல் நோன்பு. நேர்ந்தது நான், பிடிப்பது அவன். போர் விமானம் ஓட்டுபவர்களில் தெரிந்தெடுத்த பத்துப் பேருக்கு வானத்துச் சண்டை நுணுக்கம் படிப்பிக்கிற பள்ளி. அதில் எடுபட்டால் என் மகன் தொடர்ந்து மூன்று நோன்பு பிடிப்பான் என்று அவனைக் கேட்காமலே நேர்ந்துவிட்டேன். எடுபட்டான். நோன்பை லீவில் பிடிக்கிறேன் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு எங்கே? "அல்லாஹ்ட கடன் மகன், இழுத்தடிக்காத" என்று நேற்றுக் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். பிடித்துவிட்டான். மனம் நிறைவு.

செவ்வாய், 7
வாங்க: தேங்காய், வெந்தயம், சிவப்புப் பேனை.
என் வீட்டுக்காரர் நாவிதன்வெளி வயலில், வெட்டு மிஷின் வரும் வரை காவல். விடைத்தாள் 19. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பூச்சியத்தால் வகுக்கிறார்கள்.
அஸ்ஹர் கோல் எடுக்கவில்லை. பறக்கிற நாளில் அப்படித்தான்.

புதன், 8
பின்னேரம் கோல் எடுத்தான். குரல் சரியில்லை. நேற்று விமானத்தை வளைத்துத் திருப்பும்போது கண் இருட்டி மயங்கிவிட்டானாம். அந்தத் திருப்பத்தில் உடம்பு பல மடங்கு பாரமாகி இரத்தமெல்லாம் காலுக்கு இறங்குமாம். பின் ஆசனத்தில் இருந்த பயிற்றுநர் பிடித்துக்கொண்டதால் இரண்டு உயிரும் தப்பின. அல்ஹம்துலில்லாஹ்.

பறக்கிற நாளில் காலையில் சாப்பிட்டதா, நித்திரை கொண்டதா என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நோன்பென்று எழுதினால் பறக்க விடமாட்டார்கள். மூன்று நாள் தவறினால் பின்னுக்குப் போவான். அதனால் சாப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறான். டொக்டர் இரத்தம் சோதித்து, சாப்பிடவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். விசாரணை. அதன் பிறகுதான் வைப்பதா விலக்குவதா என்று தெரியும்.

இன்றும் நோன்பாம். விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வியாழன், 9
பாடசாலைக்கு லீவு போட்டு பள்ளிவாசல் ஆலிமிடம் போய்க் கேட்டேன். பிள்ளை பெயரில் தாய் நேர்ந்தால் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது என்றார். செல்லவே செல்லாதாம். சிரித்துக்கொண்டே சொன்னார், பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. முன்னமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விளங்காவிட்டால் கேளுங்கள் என்று இருபத்தாறு வருடமாக ஊரான் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். வெட்கம்.

வந்து அவனுடைய அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். பிழை என்னுடையது, அவன் தாய் சொல் கேட்டவன் என்று, இரண்டு பக்கம். விலாசம் கேட்டு அவனுக்குக் கோல் எடுத்தேன்.

"அனுப்பிறாதீங்க உம்மா."

நோன்பைப் பற்றி அங்கே மூச்சுவிடவில்லையாம். சாப்பிட மனமில்லை, பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்தும் வைத்துவிட்டான்.

"நோன்பெண்டு தெரிஞ்சா இனி நம்மட ஆக்கள எடுக்க யோசிப்பாங்க. இப்ப எண்ட பிழையோட முடியுது."

நான் செய்த பிழையைச் சொல்லக்கூட எனக்கு வழியில்லை. கடிதத்தைக் கிழித்தேன். பிறகு சோறு வடித்தேன்.

வெள்ளி, 10
ஜும்ஆ முடிந்து வந்த வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். பள்ளிவாசலில் எல்லாரும் மகனை விசாரித்தார்களாம். இவருக்கு இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?
விடைத்தாள் தொடவில்லை.

திங்கள், 13
விலக்கிவிட்டார்கள். இனிப் பறப்பு இல்லை, முகாமின் சாமான் களஞ்சியத்தில் வேலை. இரண்டு வரி மெசேஜ். நான் எடுக்க, அவன் எடுக்கவில்லை. பிறகு அவனே எடுத்தான். அழுதது நான், ஆறுதல் சொன்னது அவன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அப்படியே எழும்பி வயலுக்குப் போய்விட்டார். ஏசியிருந்தாலாவது பரவாயில்லை.

செவ்வாய், 14
தூறல். விடைத்தாள் முடிந்தது.

பக்கத்து வீட்டு மஸ்தூரா தட்டில் பலகாரத்தோடு வந்தாள். அவள் மகன் விமானப்படைக்கு விண்ணப்பித்திருக்கிறானாம், அடுத்த மாதம் நேர்முகப் பரீட்சை. அஸ்ஹர் விலக்கப்பட்டது அவளுக்குத் தெரியாது. டீச்சர் ஏதோ நேர்ந்துதான் அவனுக்கு அந்த இடம் கிடைத்தது என்று ஊரில் கதையாம்.

"என்ன நேந்தீங்க டீச்சர்? சொல்லித் தாங்க, அதயே நானும் நேந்துக்கிறன்."

தட்டை வாங்கி வைத்தேன்.

"காலச் சாப்பாட்ட மட்டும் விட விடாதீங்க" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.