இரண்டு இறாத்தல் கூடிப்போன மருமகனுக்கு

குதிரையில் ஏறினால் மாமனுக்கும் பயப்படாத என் செல்ல ஜெகனுக்கு,

இங்கே நம் ஆட்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் நான்கு கடைகளில் உன் படம் இன்னும் தொங்குகிறது. எல்லாம் நான் ஒட்டியவை. ‘தடைதாண்டும் குதிரையோட்டத்தில் ஏழு முறை முதலாவதாக வந்த தமிழன்’ என்று கீழே எழுதியும் விட்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத்தில்தான் பிழை வரும், புளுகில் வராது.

உன் அம்மா, என் அக்கா, அடுத்த கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார். “என்ர பிள்ளை எப்பிடி விழுந்தவன்?” என்று ஃபோனில் கேட்டபடியே இருக்கிறார். குதிரை சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேரில் கேட்டால்?

நீ விழுந்த அன்று, உன் ஓட்டம் பார்க்க ஒரு வான் வண்டி நிறைய ஆட்களை ஏற்றி வந்தேன். நீயோ இரண்டு நாளாகத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. ஓட்டத்துக்கு முன் சேணத்தோடு உன்னை நிறுப்பார்கள் என்று எனக்கா தெரியாது? தெரிந்துதான், எல்லோருக்கும் முன்னால் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் குழைத்து நீட்டினேன்.

“மாமா, பாரம் நிறுக்கவேணும். ஓட்டம் முடியப் பேந்து சாப்பிடுறன்.”

“காஞ்ச முருங்கைக்காய் மாதிரி நிக்கிறாய். தாய்மாமன்ர கையைத் தட்டுறியோ?”

“இவன் குதிரையில போறானோ, குதிரை இவனைக் காயப்போடக் கொண்டு போகுதோ?” என்று வானில் வந்த ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நீ வாயைத் திறந்தாய். கோப்பையில் இருந்த புட்டு முடியும்வரை நான் விடவில்லை.

தராசில் இரண்டு இறாத்தல் கூட, கிட்டத்தட்ட ஒரு கிலோ. குறைக்காவிட்டால் ஓட விடமாட்டார்கள். கொளுத்தும் வெயிலில் என் வானின் கண்ணாடிகளை ஏற்றி, ஹீற்றரைப் போட்டு, என் குளிர்கோட்டைப் போர்த்திக்கொண்டு வேர்க்க வேர்க்க இருந்தாய். நான் வெளியே நின்று, வந்த ஆட்களிடம் உன் வெற்றிகளை அளந்துகொண்டிருந்தேன்.

“பாரம் சரி, மாமா” என்று நீ வந்தபோது உன் உதடு வெளுத்திருந்தது. மூன்றாவது தடையைக் குதிரை அழகாகத் தாண்டியது. நீ அதற்கு முன்பே சரிந்துவிட்டாய்.

நேற்று அக்கா கேட்டார், “கடைசியா ஏதும் சாப்பிட்டவனோ?”

“ஓம் அக்கா, நான்தான் என்ர கையால தீத்தினனான்.”

“நீ நல்லா இருப்பாய் தம்பி. என்ர பிள்ளை பசியோட போகேல்லை.”

இதைவிட வேறென்ன தண்டனை தருவாய் ஜெகன்?

விமான நிலையத்திலேயே சொல்லிவிடுவேன். நீ ஓடியது நான்கே ஓட்டம், ஒன்றிலும் முந்தவில்லை, நான்காவதில் உன்னைக் கொன்றது நான் என்று, ஒரு சொல்லும் கூட்டாமல். இது சத்தியம்.

அடுத்த கிழமை வரைக்கும் உன் அம்மாவின் தம்பி,
செல்லத்துரை மாமா