சொந்த வீடு: ஆம் / இல்லை

என் கண்ணான வாப்பாவுக்கு,

உங்கள் மீது அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். ஆம்பிளைகள் என்றால் ஜும்ஆ முடிந்த கையோடு உங்களை அடக்கிய மையவாடிக்கு வந்து, உங்கள் தலைமாட்டில் நின்று சலாம் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்த வழி இல்லை. அதனால் எழுதுகிறேன். ஊரார் வாசித்தாலும் வாசிக்கட்டும். இனி மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?

நீங்கள் மௌத்தாகி நாலு வருடம் ஆகிறது. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேத்தி சப்னா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். உங்கள் மூக்கு, உங்கள் வாய்த்துடுக்கு, எல்லாம் அப்படியே இருக்கிறது. கெட்ட செய்தி இதுதான், வாப்பா. சவூதியில் ஒன்பது வருடம் லொறி ஓடி, எங்கள் முகம் பார்க்காமல் கிடந்து, நீங்கள் எனக்குக் கட்டித்தந்த வீடு இப்போது யாரோ ஒருவரின் பேரில் இருக்கிறது.

எல்லாம் உங்கள் மருமகனின் வேலை. சப்னாவுக்கும் ஒரு வீடு வேண்டுமே, வீடு இல்லாத பெண்ணுக்கு இந்தக் கரையில் யார் மாப்பிள்ளை தருவார்கள், மேல்மாடி எழுப்புவோம் என்றார். தூண்களும் எழும்பின. பிறகு ஒரு நாள், "பிளானுக்கு உன்ட கையொப்பம் வேணுமாம், வா" என்று நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போனார். காட்டிய இடத்திலெல்லாம் வைத்தேன். அது வீட்டை விற்கிற பத்திரம், விற்பனை உறுதி. அவர் கட்டாருக்குப் போய் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டார். வீட்டை வாங்கியவர் எங்களை வெளியேற்றச் சொல்லி வழக்குப் போட்டார்.

ஏன் வாசிக்கவில்லை என்று கேட்பீர்கள். பக்கத்தில் புருஷன் இருக்கும்போது கடதாசியை இழுத்து வாசித்தால் நம்பிக்கை இல்லாதவள் என்று ஆகிவிடுமே என்று நினைத்தேன். இந்தப் புத்தியை எந்தக் கடலில் கொண்டுபோய்ப் போட?

வழக்குக் கூப்பிட்ட முதல் தவணைக்குத் தனியாகத்தான் போனேன். "உங்கட சட்டத்தரணி யார்?" என்று நீதிபதி கேட்டார். பேசாமல் நின்றேன். இன்னொரு தவணை தந்தார். அதற்குள் மறுமொழி போடாவிட்டால் என்னைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடுமாம். இடியப்பம் அவித்து விற்கிறவளுக்கு எந்தச் சட்டத்தரணி வருவார்? இரண்டு பேரிடம் போய்க் கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

பிறகுதான் கல்முனையில் சட்ட உதவி அலுவலகம் இருப்பது தெரிய வந்தது. வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கமே சட்டத்தரணி வைத்து வழக்குப் பேசுமாம். அங்கே விண்ணப்பம் எடுக்கிற மேசையில் இருந்தது பாண்டிருப்பு ஊர்ப் பிள்ளை ஒருத்தி. சப்னாவை விட ஐந்தாறு வயது கூட இருக்கும். நான் அழுது முடியும் வரைக்கும் பொறுமையாக இருந்து கேட்டாள். "பேசலாம் அக்கா, இது பேசக்கூடிய வழக்குத்தான். உங்கட வருமானம், வசதியெல்லாம் போட்டு கிராம சேவகரிட்ட ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்க" என்றாள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

இனி நான் செய்த மடைத்தனத்தைக் கேளுங்கள். கிராம சேவகரின் அலுவலகத்தில் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது யார் தெரியுமா? போன மாதம் சப்னாவைப் பெண் பார்க்க வந்த பையனின் உம்மா! என்னைக் கண்டு வாய் நிறையச் சிரித்தாள்.

கிராம சேவகர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "சொந்த வீடா?" என்று கேட்டார்.

என் வாயை நானே பொத்தியிருக்க வேண்டும். "ஓம் சேர், என்ட பேரிலதான். வாப்பா தந்தது. மேல்மாடியும் எழும்புது" என்று பின்னால் நிற்கிறவளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவரும் அப்படியே எழுதி முத்திரை குத்தித் தந்தார். அவரை என்ன குறை சொல்ல? இந்த ஊரில் எந்தப் பொம்பிளையிடம் கேட்டாலும் அதே பதில்தானே வரும்.

பாண்டிருப்புப் பிள்ளை அதை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"அக்கா, என்ன வேலை பார்த்திருக்கிறீங்க? மாடி வீட்டுக்காரிக்கு நாங்க எப்படி ஃப்ரீயா லோயர் குடுக்கிற?"

"வீடு என்டதானே தங்கச்சி. அதுக்குத்தானே வழக்கு."

"அது கோர்ட்டில சொல்ற கதை. உறுதியில இப்ப உங்கட பேர் இல்லையே. வீடு இல்லை எண்டு புதுக் கடிதம் கொண்டுவாங்க. சத்தியக் கடதாசியும் முடிக்கவேணும்."

கேட்டீர்களா, வாப்பா? வீடு என்னுடையது என்று பேச எனக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்க வேண்டுமென்றால், வீடு என்னுடையது இல்லை என்று நான் சத்தியம் பண்ண வேண்டும். அல்லாஹ்வை முன்வைத்து நான் எதைச் சொல்ல? பேப்பரைப் பார்த்தால் அது உண்மை. நெஞ்சைக் கேட்டால் பொய். மூன்று நாள் தொழுது தொழுது கேட்டேன். எனக்கு ஒன்றும் வெளிக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் ஏசியாவது ஒரு வழி சொல்லியிருப்பீர்களே?

"அது பொய்யில்ல உம்மா, நமக்கு நடந்தது" என்றாள் சப்னா. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இன்று காலை திரும்பவும் போனேன்.

வரிசையில் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பையனின் சாச்சியும் நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தரம் படலை வரைக்கும் வந்தேன். பிறகு தவணை ஞாபகம் வந்தது.

"போன கிழமை எழுதித் தந்ததுதானே? இப்ப என்ன மாறின?" என்று கிராம சேவகர் கேட்டார்.

"வீடு இல்ல" என்றேன்.

"கேக்கல்ல. கொஞ்சம் பலமாச் சொல்லுங்க."

"எனக்கு வீடு இல்ல சேர். சொந்த வீடு இல்ல."

கதைத்துக்கொண்டு நின்ற எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. 'இவர் தற்போது வசிக்கும் வீடு இவரது பெயரில் இல்லை' என்று எழுதினார். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். சத்தியக் கடதாசியும் முடிந்தது. பாண்டிருப்புப் பிள்ளை ஃபைலைக் கட்டி, "மேல அனுப்புறன் அக்கா, தவணைக்கு முதல் அனுமதி வந்தா நல்லது" என்றாள். வராவிட்டால்?

பின்னேரம் கலியாணத் தரகர் போன் எடுத்தார். பையன் வீட்டார் கொஞ்சம் பொறுப்போம் என்கிறார்களாம். "பொறுக்கட்டும், என்ன அவசரம்" என்று சிரித்துவிட்டு சப்னா குளியலறைக்குள் போனாள். குழாய் திறந்த சத்தம் வெகு நேரமாகக் கேட்டது. நான் கதவுக்கு வெளியே நின்றேன். தட்டவில்லை. தட்டி என்ன சொல்ல, வாப்பா? பொருந்திக்கொள்ளுங்கள். என்னையும் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள், நான் வைத்த கையொப்பத்தையும் பொருந்திக்கொள்ளுங்கள்.

அடுத்த கிழமை தவணை. அரசாங்கம் சட்டத்தரணி தந்தால் அவருக்குப் பின்னால் நிற்பேன். தராவிட்டால் போன முறை மாதிரித் தனியாக நிற்பேன், ஆனால் பேசாமல் நிற்க மாட்டேன். இது என் வாப்பா எனக்குத் தந்த வீடு, இதை நான் விற்கவில்லை என்று சொல்வேன். கேட்கவில்லை என்று அங்கே ஒருவரும் சொல்ல முடியாத சத்தத்தில் சொல்வேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

வீடு இல்லை என்று ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டு, அதே வீட்டில் இருந்து இதை எழுதும்,
உங்கள் மூத்த மகள்
நஸீரா