பல்லக்கில் தொங்கிய பாதமும் கூகைமலைக் குத்தகைப் பாக்கியும்

நானூற்றுப் பன்னிரண்டே கால் பணம்.

கூகைமலைக் குடிகள் ஏழு தலைமுறையாகச் செலுத்தாத குத்தகை என்று வரியதிகாரி மாவலித்தரையர் குறித்த தொகை இது. பௌர்ணமிக்குள் கட்டாவிடில் மலையை விட்டே இறங்கவேண்டும் என்பது அவர் கட்டளை.

நான்கு தலைமுறைக்கு முன் தோணியில் வந்து கரையேறி, கூகைமலைக் கஞ்சியில் பசியாறி, பின்பு அம்மலைக்கே உரிமை கொண்டாடிய வெண்கோட்டைக் கோமரபு வாழ்க! இன்று முடிசூடும் இளநெடுங்கோ வாழ்க. அவர்தம் இடுப்பு நோகாது வாழ்க! மாவலித்தரையர் இவ்வோலை கண்டு நடக்க.

புதிய மன்னர் பல்லக்கிலிருந்து இறங்குமுன் மலைத்தலைவன் ஒரு பிடி மலைமண்ணை அவர் காலடியில் தூவி, 'இறங்கு, இருந்துகொள்' என்று சொல்லவேண்டும். அதற்குமுன் பாதம் தரையில் பட்டால் அவர் மன்னரல்லர், வழிப்போக்கர். முதல் மன்னர் கைகூப்பி ஏற்ற வழக்கம் இது. இன்று மண்ணோடு வந்தவன் தலைவன் காடையன். இந்தக் கோட்டைக்கே கல் சுமந்து முதுகு வளைந்தவன், தலை நரைத்தபின் எழுத்துக் கற்றவன். மன்னர் பாதத்தை நீட்டினார். காடையன் பிடியைத் திறக்கவில்லை.

"என்னப்பா, தூவு," என்றார் மன்னர்.

"எப்படிச் சாமி தூவுறது? நாங்க குத்தகைக்கு இருக்கிறவங்கன்னு உங்க அதிகாரி சொல்லிட்டாரே. அடுத்தவன் மண்ணை அள்ளிக் குடுத்தா திருட்டில்லையா? சொந்தக்காரரைக் கூப்பிடுங்க."

சொந்தக்காரர் மன்னரே என்று மாவலித்தரையர் பாய்ந்து மொழிந்தார். அவ்வாறாயின் மன்னர் தமக்குத் தாமே இடங்கொடுத்து, தாமே விருந்தாளியாகி இறங்கலாமே என்றும், தோணி வருவதற்கு முந்திய மூன்று தலைமுறைக் குத்தகையை மீன்களிடம் கட்டியிருக்கவேண்டுமோ என்றும் காடையன் பணிவுடன் விண்ணப்பித்தான்.

"சட்டுன்னு முடிங்கய்யா, தோள் கழலுது!" என்றான் பல்லக்குத் தூக்கி ஒருவன்.

பாக்கி தள்ளுபடி என்று மன்னர் திருவாய் மலர்ந்தார். போன மன்னரும் வாயால்தான் மலர்ந்தார், ஓலையில் வேண்டும் என்றான் காடையன். அரண்மனை எழுத்தர் மாவலித்தரையரின் மருமகன். ஆகவே மன்னர் ஒப்புதலோடு காடையனே இவ்வோலையை எழுதலானான். இடக்கையில் மண்ணும் ஓலையும் சேர்ந்திருப்பதால் எழுத்தாணி மெல்லத்தான் நகர்கிறது. பாதம் இன்னும் தொங்குகிறது. விரைந்தெழுதச் சொல்லி இருமுறை ஆள் வந்தது. விரைந்தால் ஓலை கிழியும் என்று பதில் போயிற்று.

ஆணையாவது: கூகைமலை அன்றும் இன்றும் இனியும் அதன் குடிகளுடையது. அவர்கள் எவருக்கும் குத்தகைக்காரர் அல்லர். அவர்கள் இடங்கொடுத்ததால் நிற்பது கோட்டை. நானூற்றுப் பன்னிரண்டு பணமும் தள்ளப்பட்டது; அந்தக் கால் பணமும்தான். மறுப்பவர் அடுத்த மன்னருக்கு வேறு மண் தேடிக்கொள்வாராக.

மன்னரின் தோணி முத்திரை இங்கே பதிக. பதிந்ததும் பிடி திறக்கும். மன்னர் இறங்கி இருந்துகொள்ளலாம்.